ரோமானியர் என்ன பாவம் செய்தார்கள்?

எங்கள் வாசிப்புக் குழு மாதம் ஒருமுறை கூடுகிறது. பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம். சென்ற கூட்டத்தில் நண்பர் ஒருவர், ஓவிடின் 'உருமாற்றங்கள்' நூலிலிருந்து தாம் தமிழாக்கிய இரண்டு கதைகளை வாசித்தார். அவருக்கு லத்தீன் தெரியாது. மூன்று ஆங்கில மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்துக்கொண்டு, அலுவலகம் போக மிஞ்சிய இரவுகளில், நான்கு ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறார். வாசித்து முடித்ததும், அன்று வந்திருந்த மூத்த இலக்கிய அன்பர் ஒருவர் தம் கருத்தைச் சொன்னார்: "கதை கிரேக்கனுடையது. அதை ரோமானியன் நகலெடுத்தான். அவனை ஆங்கிலேயன் நகலெடுத்தான். இப்போது நீங்கள். இது நான்காம் கைச் சரக்கு. ஹோமரிடம் போங்கள், சோஃபாக்ளிஸிடம் போங்கள். ரோமில் என்ன இருக்கிறது?" சிலர் சிரித்தார்கள். நண்பர் நோட்டுப் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டார். தேநீர் வந்தது. பேச்சு வேறு திசைக்குப் போயிற்று.

அன்று நாங்களும் வாளாவிருந்தோம். அந்த மௌனத்துக்குக் கழுவாயாகவே இந்த எதிர்வினை. இது அந்தப் பெரியவர் மீதான தாக்குதல் அன்று. அவர் சொன்னது அவருடைய சொந்தக் கருத்தும் அன்று. கிரேக்கம் ஊற்று, ரோம் வெறும் குழாய் என்ற எண்ணம் நம் இலக்கியச் சூழலில் பல காலமாகப் புழங்குகிறது. 'கிரேக்க இலக்கியத்தின் தாக்கம்' என்று நாம் சொல்லும்போது, ஏதென்ஸிலிருந்து ஷேக்ஸ்பியருக்கும் தாந்தேவுக்கும் நேராக ஒரு சாலை போட்டிருந்தது போன்ற ஒரு சித்திரம் மனத்தில் விழுகிறது. அப்படியொரு சாலை இருந்ததே இல்லை.

தாந்தேவிலிருந்தே தொடங்குவோம். அவருக்குக் கிரேக்கம் தெரியாது. ஹோமரின் ஒரு காண்டத்தைக்கூட அவர் வாசித்தவரல்லர். வாசிக்க அவர் காலத்து இத்தாலியில் லத்தீனில் முழு ஹோமர் இல்லை. 'நரகம்' நான்காம் காண்டத்தில் கவிஞர்கள் கூட்டமாக வந்து அவரை வரவேற்கிறார்கள். ஹோமர் கையில் வாளோடு முன்னே வருகிறார். அவர் பின்னால் வருபவர்கள் ஹொரேஸ், ஓவிட், லூக்கன். கூடவே வழிகாட்டியாக வெர்ஜில். ஒருவரைத் தவிர அனைவரும் லத்தீன் கவிஞர்கள். அந்த ஒருவரைத் தாந்தே அறிந்ததும் இவர்கள் சொல்லித்தான்.

இருபத்தாறாம் காண்டத்தில் யுலிஸீஸைச் சந்திக்கும் இடம் இன்னும் சுவையானது. தாந்தே அவனோடு பேச ஆசைப்படுகிறார். வெர்ஜில் தடுக்கிறார். இவர்கள் கிரேக்கர்கள், உன் பேச்சை மதிக்காமல் போகலாம், நீ சும்மா இரு, நான் பேசிக்கொள்கிறேன் என்கிறார். இலக்கிய வரலாற்றில் 'கிரேக்கத் தாக்கம்' எப்படி நிகழ்ந்தது என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் சொன்னதில்லை. கிரேக்கனுக்கும் இத்தாலியனுக்கும் நடுவே ஒரு ரோமானியன் நின்று பேசித் தருகிறான். அதன் பிறகு யுலிஸீஸ் சொல்லும் கதை ஹோமரில் இல்லவே இல்லை. அவன் இத்தாக்காவுக்குத் திரும்புவதில்லை. மனைவியும் மகனும் முதிய தந்தையும் அவனைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. ஹெர்குலிஸின் தூண்களைக் கடந்து, மனிதர் செல்லாத கடலில் போய், தொலைவில் ஒரு மலையைப் பார்த்த கணத்தில் கப்பலோடு மூழ்குகிறான். ஹோமரை வாசித்திருந்தால் தாந்தே இதை எழுதியிருக்க முடியுமா? ஊருக்குத் திரும்பியவன் என்று அறிந்திருந்தால் இந்தக் கடல் அவருக்குத் திறந்திருக்குமா? எங்களுக்கு ஐயமே. தாந்தேவின் இந்த யுலிஸீஸ்தான் டென்னிசனின் 1842ஆம் ஆண்டுக் கவிதையில் முதுமையில் மறுபடி கப்பல் ஏறப் புறப்படுகிறான். ஜாய்ஸின் 1922ஆம் ஆண்டு நாவலும் 'ஒடிஸியூஸ்' என்று பெயர் சூடவில்லை, 'யுலிஸீஸ்' என்ற லத்தீன் வழிப் பெயரையே சூடியது. ஜாய்ஸ் அந்த வீரனைப் பள்ளிச் சிறுவனாக முதலில் சந்தித்தது சார்லஸ் லாம் 1808இல் எழுதிய சிறுவர் நூலில். லாம் அதை எழுதியது சாப்மனின் ஆங்கில ஹோமரை வைத்துக்கொண்டு. கைகளை எண்ணத் தொடங்கினால் நம் பெரியவருக்கு விரல்கள் போதா.

தாந்தேவுக்கு அடுத்த தலைமுறைப் பெட்ரார்க்குக்கு ஹோமரின் கிரேக்கச் சுவடியே கிடைத்தது. 1354இல், பைசாந்தியத் தூதர் ஒருவர் அனுப்பிவைத்தார். பெட்ரார்க்கால் ஓர் எழுத்தும் வாசிக்க முடியவில்லை. அதை மார்போடு அணைத்துக்கொண்டு பெருமூச்சு விடுவதாக அவருக்கு நன்றிக் கடிதம் எழுதினார். 1360களில் லியோன்தியோ பிலாத்தோ என்பவர் அதைச் சொல்லுக்குச் சொல் லத்தீனில் பெயர்த்துக் கொடுத்த பிறகே பெட்ரார்க்கும் பொக்காச்சியோவும் ஹோமர் என்ன சொன்னார் என்று அறிந்தனர். ஃபிளாரன்ஸில் முறையாகக் கிரேக்கம் கற்பிக்க மானுவேல் கிரிசோலோரஸ் வந்தது 1397இல். ஹோமர் அங்கே அச்சேறியது 1488இல். சோஃபாக்ளிஸ் வெனிஸில் அச்சேறியது 1502இல். அதாவது மேற்கு ஐரோப்பா ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டுகள் கிரேக்க மூலங்கள் இல்லாமல் லத்தீனை மட்டும் வாசித்து எழுதியிருக்கிறது. நாம் கிரேக்கத் தாக்கம் என்று கொண்டாடுவதில் பெரும்பகுதி, அக்காலம் முழுவதும், ரோமானியரின் கைவண்ணம்.

சரி, அவர்கள் வெறுமனே கடத்தினார்களா? லத்தீன் இலக்கியம் தன் தொடக்கத்தையே ஒரு மொழிபெயர்ப்பாளரோடு குறித்துக்கொள்கிறது. லிவியஸ் அந்திரோனிக்கஸ், கிரேக்கர். அடிமையாக ரோமுக்கு வந்து விடுதலை பெற்றவர் என்று மரபு சொல்கிறது. கி.மு. 240இல் ரோமில் நாடகம் மேடையேற்றியவர். ஒடிஸியை லத்தீனில் ஆக்கியவரும் இவரே. கிரேக்க யாப்பை அப்படியே எடுக்காமல் இத்தாலியின் பழைய யாப்பிலே பாடினார். முதல் அடியிலேயே கிரேக்கக் கலைமகளின் பெயரை விட்டுவிட்டு, உள்ளூர் நீரூற்றுத் தேவதையான கமேனாவை அழைத்தார். அந்த நூலை இருநூறு ஆண்டுகள் கழித்தும் ரோமப் பள்ளிகளில் பிரம்படியோடு கற்பித்தார்கள். அடி வாங்கியவர்களில் ஹொரேஸும் ஒருவர். தன் இலக்கியம் மொழிபெயர்ப்பிலிருந்து பிறந்தது என்பதை வெட்கமின்றி ஒப்புக்கொண்ட வேறொரு பெரும் இலக்கியத்தை நாங்கள் அறியோம். மற்றவர்கள் எல்லாம் தேவர்களிடமிருந்து நேரடியாகப் பெற்றதாகச் சொல்லிக்கொள்வார்கள்.

நகல் என்ற வசையும் அன்றே இருந்தது. ஆப்பிரிக்காவில் பிறந்து அடிமையாக ரோமுக்கு வந்தவர் என்று பழைய வாழ்க்கைக் குறிப்பு கூறும் டெரன்ஸ், இரண்டு கிரேக்க நாடகங்களைக் கலந்து ஒன்றாக்கிவிட்டார் என்று ஒரு மூத்த கவிஞர் கூட்டங்களில் தூற்றிவந்தார். டெரன்ஸ் தம் நாடகங்களின் முன்னுரைகளில் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆம், செய்தேன், என் முன்னோரும் செய்தார்கள் என்பது அவர் பதிலின் சாரம். அந்த மூத்தவரின் நாடகம் ஒன்றுகூட இன்று முழுதாக இல்லை. டெரன்ஸின் ஆறும் இருக்கின்றன. (மூத்தவர்கள் இளையவர்களைக் கூட்டங்களில் மட்டம் தட்டுவது இருபத்திரண்டு நூற்றாண்டுப் பழக்கம் என்று அறிவதில் ஓர் ஆறுதல்.) அவர் எடுத்தாண்ட மெனாண்டரின் நூற்றுக்கும் மேற்பட்ட நாடகங்களோ மத்திய காலத்தில் தொலைந்தே போயின, ஓரளவு முழுமையாக ஒரு நாடகம் எகிப்தியப் பாப்பிரஸ் சுவடியிலிருந்து அச்சுக்கு வந்தது 1958இல்தான். மோலியேரின் கஞ்சனும் ஷேக்ஸ்பியரின் இரட்டையர்களும் பிளாட்டஸின் பிள்ளைகள். மூலத்துக்குப் போ என்று மோலியேரிடம் சொல்லியிருந்தால் அவர் எங்கே போயிருப்பார்?

இப்போது அந்த 'நான்காம் கை'க்கு வருவோம். எங்களை மிகவும் உறுத்திய சொல் அது.

புளூட்டார்க் கிரேக்கத்தில் எழுதினார். பிரெஞ்சுக்காரரான ழாக் அமியோ 1559இல் அதைப் பிரெஞ்சில் ஆக்கினார். ஆங்கிலேயரான தாமஸ் நார்த், கிரேக்க மூலத்திலிருந்தல்ல, அமியோவின் பிரெஞ்சிலிருந்து 1579இல் ஆங்கிலத்தில் ஆக்கினார். ஷேக்ஸ்பியர் நார்த்தைத் திறந்துவைத்துக்கொண்டு 'ஜூலியஸ் சீஸர்', 'அந்தோணியும் கிளியோபாத்ராவும்', 'கோரியலானஸ்' ஆகியவற்றை எழுதினார். கிளியோபாத்ரா படகில் வரும் புகழ்பெற்ற வருணனையை நார்த்தின் உரைநடையோடு வைத்துப் பாருங்கள். பொன் வேய்ந்த பின்புறம், ஊதா நிறப் பாய்கள், புல்லாங்குழல் தாளத்துக்கு விழும் வெள்ளித் துடுப்புகள், கரைக்கு வீசும் நறுமணம் என ஒவ்வொன்றும் அங்கே இருக்கிறது. ஷேக்ஸ்பியர் செய்தது, காற்றையும் நீரையும் அவள் மேல் மோகம் கொள்ள வைத்தது. கிரேக்கம், பிரெஞ்சு, ஆங்கில உரைநடை, ஆங்கில நாடகம்: எண்ணிப் பாருங்கள், நான்காம் கை. எங்கள் நண்பரின் நோட்டுப் புத்தகம் இருப்பதும் அதே படியில்தான். அவரை நாங்கள் ஷேக்ஸ்பியரோடு ஒப்பிடவில்லை. எத்தனையாவது கை என்று எண்ணுவது இலக்கிய அளவுகோலே ஆகாது என்கிறோம்.

ஷேக்ஸ்பியருக்குக் கிரேக்கம் போதாது என்று அவருடைய நண்பர் பென் ஜான்சனே 1623ஆம் ஆண்டு முதல் தொகுப்பில் அச்சிட்டுவிட்டார். சோஃபாக்ளிஸின் நிழல் அவர் மீது நேரே விழுந்ததற்குச் சான்று இல்லை. விழுந்தது செனகாவின் நிழல். அதைவிட அடர்த்தியாக ஓவிடின் நிழல். ஓவிடை அவர் லத்தீனிலும் பள்ளியில் வாசித்திருப்பார், ஆர்தர் கோல்டிங்கின் 1567ஆம் ஆண்டு ஆங்கில ஆக்கத்திலும் வாசித்தார். 'டைட்டஸ் அந்திரோனிக்கஸ்' நாடகத்தில், நாவறுக்கப்பட்டு, கைகளும் வெட்டப்பட்ட லவீனியா, தனக்கு நேர்ந்ததைச் சொல்ல வழியின்றித் தவிக்கிறாள். ஒரு சிறுவனின் புத்தகங்களிலிருந்து ஒன்றைத் தள்ளியெடுத்து, வெட்டுப்பட்ட கைகளால் பக்கங்களைப் புரட்டிப் பிலொமெலாவின் கதையில் நிறுத்துகிறாள். அந்தப் புத்தகம் 'உருமாற்றங்கள்'. பேச முடியாத ஒருத்திக்கு வாயாக இருந்தது, நம் அன்பர் நகல் என்று தள்ளிய அதே நூல். ரோமில் என்ன இருக்கிறது என்று கேட்டாரே, இது இருக்கிறது.

ஓவிட் வெறும் தொகுப்பாளர் என்று கருதுவோர், நார்சிஸஸின் கதையையும் எக்கோவின் கதையையும் பிரித்து வைத்துப் பார்க்கட்டும். நமக்குக் கிடைத்துள்ள நூல்களில் இவ்விரண்டும் ஒன்றாக இணைவது ஓவிடிடம்தான் முதலில். தன் உருவத்தை விட்டு நகர முடியாத ஒருவன், பிறர் சொல்லை விட்டு நகர முடியாத ஒருத்தி. நீரில் பிம்பம், காற்றில் எதிரொலி. இந்தச் சேர்க்கையைக் கண்டவனை நகலெடுப்பவன் என்பதா? பிரமஸ், திஸ்பி கதைக்கும் நம்மிடமுள்ள மிகப் பழைய சான்று இவர்தான். பிக்மாலியன் முந்தைய கதையில் சிலை மேல் மோகம் கொண்ட சைப்ரஸ் அரசன். அவனைச் சிற்பியாக்கித் தன் படைப்பின் மேலேயே காதல் கொள்ள வைத்ததும் ஓவிட் என்றே கருதப்படுகிறது. பெர்னார்ட் ஷாவின் 'பிக்மாலியன்' அங்கிருந்து வருகிறது. இத்தனையும் எழுதியவர், கி.பி. 8இல் பேரரசனால் கருங்கடற்கரைத் தோமிஸுக்கு நாடு கடத்தப்பட்டு, லத்தீன் பேச ஆளில்லை என்று புலம்பியபடி அங்கேயே இறந்தார்.

வெர்ஜிலின் மீதான குற்றச்சாட்டு இன்னும் பழையது. 'ஈனிட்' காப்பியத்தின் முதல் ஆறு காண்டங்கள் ஒடிஸி, பின் ஆறு இலியட் என்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். உண்மைதான். ஒரே ஓர் இடத்தைப் பார்ப்போம். ஒடிஸி பதினோராம் காண்டத்தில், இறந்தோர் உலகில் ஒடிஸியூஸ் அஜாக்ஸிடம் பேசுகிறான். அக்கிலிஸின் கவசம் தனக்குக் கிடைக்காத சினம் ஆறாத அஜாக்ஸ், பதில் சொல்லாமல் விலகிப் போகிறான். வெர்ஜில் இதை எடுக்கிறார், ஆறாம் காண்டத்தில் வைக்கிறார். ஆனால் அந்த மௌனத்தை ஒரு பெண்ணிடம் கொடுக்கிறார். ஈனியஸ் கைவிட்டதால் சிதையில் ஏறித் தற்கொலை செய்துகொண்ட டைடோ அவள். அவன் அழுதுகொண்டே விளக்கம் சொல்கிறான், தெய்வங்களின் கட்டளை என்கிறான். அவள் நிலத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை; ஒரு சொல்லும் பேசாமல் முதல் கணவனின் நிழலிடம் போய்விடுகிறாள். ஹோமரில் வீரனின் பிணக்கு. இங்கே ஒரு பேரரசின் பிறப்புக்கு விலையாகக் கொடுக்கப்பட்டவளின் பதில். அசைவு ஒன்றே, பொருள் வேறு. 1944இல் எலியட், எது செவ்வியல் என்ற தம் சொற்பொழிவில் இந்தச் சந்திப்பைத் தனியே எடுத்துப் போற்றினார். எலியட்டை மேற்கோள் காட்டாமல் ஒரு மாதமும் கழியாத நம் விமரிசகர்கள் இந்தச் சொற்பொழிவை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். அகஸ்டின் பள்ளியில் கிரேக்கத்தை வெறுத்தார், ஆனால் டைடோவுக்காக அழுதார். பிற்காலத்தில் அந்தக் கண்ணீருக்காக வருந்தினார், ஆனால் மறைக்கவில்லை.

கம்பனை வால்மீகியின் நகல் என்று சொல்ல நம்மில் எவருக்கேனும் துணிவு வருமா? வராது. தொல்காப்பிய மரபியல் முதல்நூலை அடுத்து வழிநூலை வைத்து, தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என்று அதை நான்காக வகுக்கிறது. மொழிபெயர்ப்பை நூல் வகைகளுள் ஒன்றாக எண்ணிய மரபு நம்முடையது. கம்பனுக்கு ஒரு நீதி, வெர்ஜிலுக்கு ஒரு நீதி என்பது இந்த மரபிலிருந்து வந்ததன்று.

பிறகு எங்கிருந்து வந்தது? பெருமளவுக்குப் பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மனியிலிருந்து. கிரேக்கக் கலையைப் பின்பற்றுவதே உயர்வடைய ஒரே வழி என்று வின்கெல்மான் 1755இல் எழுதினார். அதற்குப் பின் ஒரு நூற்றாண்டு, ஜெர்மானியருக்கு ஏதென்ஸ் கனவு, ரோம் அலுப்பு. இதிலுள்ள வேடிக்கையைப் பாருங்கள்: வின்கெல்மான் வாழ்நாளில் கிரேக்கத்தில் கால் வைத்ததே இல்லை. அவர் கண்ட 'கிரேக்கம்' முழுதும் பெரும்பாலும் ரோமில், வத்திக்கான் முற்றத்தில் கண்டது. அவர் உருகி உருகி எழுதிய பெல்வெடெரே அப்பல்லோ, மூல வெண்கலச் சிலையைப் பார்த்து ரோமானியர் காலத்தில் செய்த பளிங்கு நகல் என்பது இன்றைய அறிஞர் பெரும்பாலோர் கருத்து. நகலை வணங்கிக்கொண்டே நகலெடுத்தவனை இகழ்ந்த முதல் ஆசான் அவர். நம்மூர்ச் சீடர்கள் ஹோமரையே ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு மூலத்துக்குப் போகச் சொல்வது அந்தப் பரம்பரைக்கு உகந்ததே. மேற்படி அன்பரின் பையில் அன்று ஸ்பானிய நாவலொன்றின் தமிழ் மொழிபெயர்ப்பு இருந்தது, ஆங்கிலம் வழியாக வந்தது. அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

எங்கள் பக்கமும் பலவீனங்கள் உண்டு. ரோமானியர் கி.மு. 146இல் கொரிந்து நகரைச் சூறையாடி எரித்தவர்கள். கிரேக்கச் சிலைகள் கப்பல் ஏறியது அன்பினால் மட்டுமன்று. 'ஈனிட்' ஒரு பேரரசின் காப்பியம் என்பதும் மறுக்க முடியாதது. செனகாவின் ஈடிபஸையும் சோஃபாக்ளிஸின் ஈடிபஸையும் அடுத்தடுத்து வாசித்தால் எங்கள் மனம் எந்தப் பக்கம் சாயும் என்பதில் மறைக்க ஒன்றுமில்லை. கை மாறும்போது பொருள் கெடுவதும் உண்டு. அரிஸ்டாட்டிலின் கவிதையியல் சிரியாக் வழியாக அரபிக்கு வந்தது. கிரேக்கம் அறியாத இப்னு ருஷ்து பன்னிரண்டாம் நூற்றாண்டில் அதற்கு உரை எழுதியபோது, நாடக அரங்கு இன்னதென்று அறியாமல், துன்பியலைப் புகழ்ச்சிக் கவிதை என்றும் இன்பியலை வசைக் கவிதை என்றும் கொண்டார். அந்த உரை 1256இல் லத்தீனுக்குப் போய், ஐரோப்பா நெடுங்காலம் அரிஸ்டாட்டில் என்று வாசித்தது பெரிதும் அதைத்தான். போர்ஹெஸ் இதைக் கதையாக்கினார், நம் சிற்றிதழ் வாசகர்கள் அறிந்ததே. ஆனால் அந்தக் கதையில் போர்ஹெஸ் இப்னு ருஷ்துவைப் பார்த்துச் சிரிப்பதில்லை. நாடகத்தை அறியாமல் நாடகத்தைக் கற்பனை செய்ய முயன்றவனும், சில துணுக்குகளை வைத்துக்கொண்டு இப்னு ருஷ்துவைக் கற்பனை செய்ய முயலும் தானும் ஒரே நிலையில் இருப்பதாகத்தான் முடிக்கிறார்.

சிரிப்பு என்றதும் இன்னொன்று. ஹோல்டர்லின் 1804இல் சோஃபாக்ளிஸின் 'ஆன்டிகனி'யை ஜெர்மனில் வெளியிட்டார். அதை கெதேயின் வீட்டில் வாசித்தபோது ஷில்லர் அடக்கமாட்டாமல் சிரித்ததாக அக்காலக் கடிதமொன்று சொல்கிறது. மனநிலை பிறழ்ந்தவனின் வேலை என்றார்கள். ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து, நாஜிக் கொடுமையின் சாம்பல் ஆறாத ஐரோப்பாவுக்குத் திரும்பிய பிரெக்ட், 'ஆன்டிகனி'யை மேடையேற்ற நினைத்தபோது அடிப்படையாகக் கொண்டது அந்தச் சிரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பையே. 1948இல் சுவிட்சர்லாந்தின் கூர் நகரில் அது அரங்கேறியது.

எங்கள் நண்பர் அன்று வாசித்தவை நார்சிஸஸ் கதையும் பிக்மாலியன் கதையும். இரண்டாவதில் ஓரிரு இடங்களில் வடமொழிச் சொற்கள் மிகுதி என்று எங்களுக்குப் பட்டது. முதலாவதில் எக்கோ குகைக்குள் குரலாக மட்டும் எஞ்சும் பகுதி நன்றாகவே வந்திருந்தது. இதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். அடுத்த கூட்டத்துக்குப் பிலொமெலாவின் கதையைக் கொண்டுவரும்படி கடிதம் எழுதியிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.